பொதிகை உச்சியில் தும்மிய முனிவர்

பத்து வருஷமாகப் பாளையங்கோட்டையில் பூகோளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நைல் நதி எங்கே பிறக்கிறது, கங்கை எங்கே பிறக்கிறது, தாமிரபரணி எங்கே பிறக்கிறது என்று மூன்றையும் ஒரே குரலில், ஒரே பிரம்பால் படத்தில் தொட்டுக் காட்டுவேன். மூன்றில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. நைலைப் பார்க்காததற்கு யாரும் என்னைக் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆனால் தாமிரபரணி பிறக்கும் மலை, மழை வெறித்த காலைகளில் எங்கள் பள்ளிக்கூட மாடியிலிருந்தே நீலமாகத் தெரியும். பார்க்கப் பார்க்க வெட்கமாக இருந்தது. அந்த வைகாசி விடுமுறையில் புறப்பட்டுவிட்டேன்.

மூன்று பேர் போவதாகத்தான் ஏற்பாடு. பொதிகைத் தென்றலைப் பற்றி நாற்பது பாட்டு மனப்பாடமாகச் சொல்லும் எங்கள் தமிழ்ப் பண்டிதர், அந்தத் தென்றல் நேரே பட்டால் தமக்குச் சளி பிடிக்கும் என்று கடைசி நாளில் நின்றுகொண்டார். டிரில் மாஸ்டருக்குக் கட்டி வந்துவிட்டது. எங்கே என்று அவர் சொல்லவில்லை. உட்காராமல் நின்றபடியே பேசியதில் தெரிந்துபோயிற்று. ஆக, நான் மட்டும்.

என் மனைவி எஸ்தர், “மலையில என்ன இருக்கும்? மலைதான இருக்கும்?” என்றாள். ஆனாலும் நல்லெண்ணெய் மிதக்கப் புளிச்சோறு கிளறி, வாழையிலையில் இரண்டு பொட்டலமாகக் கட்டினாள். ஒன்று வெறும் சோறு. இன்னொன்றில் சோற்றுக்கு நடுவே வறுத்த நெத்திலிக் கருவாடு. “மூணு நாள் கெடாது” என்றாள். கருவாட்டின் வாசனை மூன்று வருஷத்துக்கும் கெடாது என்பதை அவள் சொல்லவில்லை.

காலுக்கு, சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார மிஷன் ஐயர் விட்டுச்சென்ற பூட்ஸ். என் கால்கள் இரண்டையும் ஒரு பூட்ஸுக்குள் வைத்துவிடலாம். பழைய காகிதத்தைத் திணித்து இறுக்கிக்கொண்டேன். கையில் குடை. மேலே ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புக் கோட்டு, தலையில் தொப்பி.

அம்பாசமுத்திரம் வழியாக ரயில் ஓடத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. பெட்டியில் எல்லோரும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே இருந்த வெற்றிலை வியாபாரி என் பூட்ஸையே பார்த்துக்கொண்டு வந்தவர், சேரன்மகாதேவி தாண்டியதும் பொறுக்க முடியாமல் கேட்டார்.

“எங்கன போறாப்பல?”

“பொதிகை மலைக்கு.”

“தனியாவா? என்ன சோலி?”

“சும்மா பாக்கத்தான், அண்ணாச்சி.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “வீட்டுல ஏதும் சண்டையா வே?”

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. இறங்கும்போது என் கையில் இரண்டு கொழுந்து வெற்றிலை கொடுத்து, “எல்லாம் சரியாயிரும், வெசனப்படாதேரும்” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசத்துக்கு மாட்டுவண்டி. பாதி வழியில், நட்ட நடு ரோட்டில், இடப்பக்கத்து மாடு படுத்துக்கொண்டது. வண்டிக்காரர் இறங்கி அதன் காதருகே ஏதோ சொன்னார். மாடு கண்ணை மூடிக்கொண்டது.

“இது எப்பவும் இப்படியா?” என்றேன்.

“இல்ல சார்வாள், ஆளு பாத்துத்தான் படுக்கும். நீங்க வாத்தியாரா?”

“ஆமா.”

“அதான். எம் மவனும் இப்படித்தான், வாத்தியாரக் கண்டாப் படுத்துருவான்.”

மிச்ச தூரத்தை நடந்தேன். அன்றிரவு பாபநாசத்துச் சத்திரத்தில் தங்கினேன். என் பைக்கு நேரே இரண்டு பூனைகள் உட்கார்ந்து, விடியும்வரை தியானம் செய்துகொண்டிருந்தன.

மறுநாள் முழுக்கக் காட்டுப் பாதை. முண்டன்துறையில் காட்டிலாகாத் துரை ஒருவர் பங்களா வாசலில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். முகத்தில் பாதி சோப்பு நுரையோடு, மேலே எனக்கு என்ன வேலை என்று இங்கிலீஷில் கேட்டார். வேலை ஒன்றுமில்லை, உச்சியைப் பார்க்க வேண்டும் என்று நானும் இங்கிலீஷில் சொன்னேன். கத்தியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “வேலையில்லாமல் மலை ஏறுவது எங்கள் ஜாதிக்கு மட்டும் உள்ள வியாதி என்றல்லவா நினைத்திருந்தேன்!” என்றார். பிறகு, ஆனையைக் கண்டால் குடையை விரிக்க வேண்டாம் என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் இஞ்சிக்குழி போய்ச் சேர்ந்தேன். மலைக்குடிகளான காணிக்காரர்களின் குடிசைகள் ஏழெட்டு இருந்தன. மல்லன் காணி என்பவர் தம் குடிசையில் எனக்கு இடம் கொடுத்தார். அவித்த மரச்சீனிக் கிழங்கும், காந்தாரி மிளகாயை உப்போடு வைத்து நசுக்கியதும் சாப்பாடு. மிளகாய் என் சுண்டுவிரல் நகத்தளவுதான் இருந்தது. ஒன்றைக் கடித்ததும் என் பாவங்கள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. மல்லன் காணி சிரிக்காமல் ஒரு கரண்டித் தேனை நீட்டினார்.

“நாளைக்கு உச்சிக்கு என்னைக் கூட்டிட்டுப் போவீங்களா?” என்று கேட்டேன்.

அவர் மேற்கே பார்த்தார். “மலையாளத்துப் பக்கமிருந்து மூட்டம் வருது. மூட்டத்துல நான் ஏறமாட்டேன்.”

“அப்ப நான் எப்படிப் போறது?”

“பாதை ஒண்ணுதான். தப்பிப் போக வழியில்ல.”

ஒரே ஒரு பாதை இருந்தாலும் அதையும் தப்ப விடலாம் என்று மறுநாள் நிரூபித்துக் காட்டினேன்.

விடியுமுன்பே புறப்பட்டேன். ஈத்தைக் காட்டுக்குள் பாதை சுரங்கம் போலப் போயிற்று. ஈத்தை என்பது மூங்கிலின் தம்பி; மெலிந்தது, நெருக்கமாக வளர்வது, முகத்தில் அறைவது. அட்டைகள் அங்கேதான் என்னோடு அறிமுகமாயின. வெள்ளைக்கார ஐயரின் பூட்ஸுக்குள் எனக்கு மிச்சமாக இருந்த இடத்தை எல்லாம் அவை குடித்தனத்துக்கு எடுத்துக்கொண்டன. எங்கள் ஊரில் வைகாசி மாதம் மிதியடி இல்லாமல் வாசலுக்கு வர முடியாது. மண் கொதிக்கும், காக்கை நிழல் தேடும். இங்கே அதே வைகாசியில் பல் கிட்டியது.

பூங்குளம் என்ற இடத்தில்தான் தாமிரபரணி பிறக்கிறது என்று மல்லன் காணி சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பூக்கள் உதிர்ந்து கிடந்த ஒரு சின்னக் குட்டை. எங்கள் பக்கத்தில் ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டும். இங்கே ஆற்றின் மேல் காலை அகட்டி நின்றேன். ஒரு கால் இந்தக் கரையில், ஒரு கால் அந்தக் கரையில். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பார்க்க யாரும் இல்லாததால் இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் தாண்டியும் பார்த்தேன்.

அதற்கு மேலே காடு குட்டையாயிற்று. மரங்கள் என் தோளுயரத்துக்கு வளைந்து நின்றன. பிறகு மரமே இல்லை. ஈரப் புல்லும் பாறையும். மூட்டம் இறங்கிவிட்டது. குடையின் நுனி எனக்குத் தெரியவில்லை. பாதை என்று நான் நினைத்ததில் ஏறிக்கொண்டே இருந்தேன். வேர்களைப் பிடித்தும், முழங்காலால் ஊன்றியும், ஓர் இடத்தில் வயிற்றால் நகர்ந்தும் ஏறியதில், இதற்கு மேல் ஏற ஒன்றுமில்லை என்ற இடம் வந்தது.

உச்சி! தொப்பியைக் கழற்றினேன். தோத்திரம் சொன்னேன். ஒரு ஞானப்பாட்டை உரக்கப் பாடினேன்; தமிழ்ப் பண்டிதர் கேட்டிருக்க வேண்டும். கூர்க்கல் ஒன்றால் பாறையில் என் பெயரின் முதல் எழுத்தைக் கீறினேன். பிறகு வெறும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பருக்கை விடாமல் தின்றேன். லேசாகப் புளித்திருந்தது. புளிச்சோறு புளிப்பதைக் குற்றம் சொல்ல முடியாது.

இலையை மடிக்கும்போது காற்று ஒரு பக்கம் திரும்பியது. மூட்டம் கிழிந்தது. எனக்கு எதிரே, என் உச்சியை இடுப்பளவுக்கு நிற்கவைத்துக்கொண்டு, கறுப்பாக ஒரு மலை நின்றது. பக்கத்தில் இன்னும் இரண்டு. இந்த மலைக்கு ஐந்தலைப் பொதிகை என்று பெயர் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஐந்து தலையில் நான் ஏறியது கடைக்குட்டியின் தலை. பத்து வருஷ பூகோள ஆசிரியன்!

கீறிய எழுத்தைப் பாசியால் மூடிவிட்டு இறங்கினேன்.

இரண்டாவது ஏற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வழுக்குப் பாறை, காற்று, இரண்டு தடவை விழுந்தேன், ஒரு தடவை அழுதேன். நடுப்பகல் தாண்டிய பிறகு மேலே போய்ச் சேர்ந்தேன். மறுபடியும் மூட்டம் அடைத்திருந்தது. சர்வேக்காரர்கள் எப்போதோ குவித்துவைத்த கல் மேடு ஒன்று மங்கலாகத் தெரிந்தது. அதன் அடியில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

குள்ளமான உருவம். உருண்டை வயிறு. தாடி. காவி. பக்கத்தில் கமண்டலம். கண்கள் மூடியிருந்தன.

குறுமுனி அகத்தியர் இந்த மலையில் இன்றும் இருக்கிறார் என்று பண்டிதர் சொல்லும்போதெல்லாம் சிரித்தவன் நான். மூன்று தலைமுறையாக நாங்கள் வேதக்காரர்கள். அந்த மூன்று தலைமுறையின் ஞானஸ்நானமும் அந்த நிமிஷத்தில் ஆட்டம் கண்டது. கை தானாகக் கும்பிடப் போய், குடையில் மாட்டிக்கொண்டு நின்றது.

முனிவர் தும்மினார். ஒன்றல்ல, ஏழு தும்மல். மூக்கைக் காவியில் துடைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தவர், நேரே என் பூட்ஸைப் பார்த்தார்.

“எவம்லே அது? தொரையா?”

“இல்ல, அண்ணாச்சி. பாளையங்கோட்டை. வாத்தியார். பேரு ஆசீர்வாதம்.”

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை எந்தத் தவசியின் முகத்திலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். “ஐயோ, மனுசன்!” என்றார். “திங்க ஏதாவது வச்சிருக்கீரா வே?”

அவர் பெயர் குற்றாலலிங்கம் பிள்ளை. கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து மிராசுதார். உலகம் மாயை என்று கண்டுகொண்டு, மேளதாளத்தோடு வீட்டை விட்டுப் புறப்பட்டு, பொதிகையில் அகத்தியரோடு கலந்துவிடப் போவதாக ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தவர். வந்து மூன்று நாள் ஆகிறது. முதல் நாள் அவல் மூட்டையை மந்திகள் கொண்டுபோய்விட்டன. இரண்டாம் நாள் வழுக்கி விழுந்து வலது கணுக்கால் பிசகிவிட்டது. இப்போது அது பூசணிக்காயளவு வீங்கியிருந்தது. பாறை இடுக்கில் இரண்டு ராத்திரி. தொட்டுப் பார்த்தேன்; உடம்பு அனலாகக் கொதித்தது. இன்னொரு ராத்திரி அங்கே இருந்தால் உண்மையாகவே கலந்துவிடுவார் என்று தோன்றியது.

என்னிடம் மிச்சம் இருந்தது இரண்டாவது பொட்டலம்.

“அண்ணாச்சி, இதுல கருவாடு கெடக்கு.”

அவர் பொட்டலத்தைப் பார்த்தார். மூட்டத்தைப் பார்த்தார். “ஓரத்துச் சோத்த மட்டும் எடுத்துத் தாரும்” என்றார்.

ஓரத்துச் சோறு முடிந்தது. “கருவாடு படாத சோறு இன்னும் இருக்கும், நல்லாப் பாரும்” என்றார். அதுவும் முடிந்தது. மூன்றாவது தடவை இலையையே வாங்கிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். இலை திரும்பி வந்தபோது கழுவியது போல இருந்தது.

வயிறு நிறைந்ததும் அவருக்கு மானம் திரும்பிவிட்டது.

“நான் எப்படிவே கீழ இறங்குவேன்? ஊரே மாலை போட்டு அனுப்பிச்சு. அங்கன போயி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்க?”

“கால் போச்சுன்னு சொல்லுங்க. உள்ளதுதான.”

“கால் போனா என்னவே, கலக்க வந்தவனுக்குக் கால் எதுக்கும்பான்.” கொஞ்சம் யோசித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். “வாத்தியாரே, நீரு சாட்சி சொல்லணும். முனிவர் வந்தாரு, ‘போ, போயி இல்லறத்த நடத்து’ன்னு உத்தரவு குடுத்தாரு, நீரு ஒம்ம கண்ணால பாத்தீரு. நீரு வேதக்காரரு பாரும், நீரு சொன்னா நம்புவான்.”

“பொய்ச்சாட்சி சொல்லக்கூடாதுன்னு ஞாயித்துக்கிழம தோறும் பிள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கேன், அண்ணாச்சி.”

“இன்னைக்கு ஞாயித்துக்கிழம இல்லையே!”

முடியாது என்றேன். நீரெல்லாம் ஒரு கிறிஸ்தவரா என்று கோபித்துக்கொண்டார். கோபம் அவருக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தது. அந்தத் தெம்பு தீருமுன் துண்டைக் கிழித்துக் கணுக்காலைக் கட்டி, என் குடையை அவர் கையில் ஊன்றக் கொடுத்து, இறக்கத் தொடங்கினேன். உச்சியிலிருந்து கிழக்குச் சமவெளி முழுக்கத் தெரியும், கடல்கூடத் தெரியும் என்பார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளையவர்களின் முதுகுதான்.

வழுக்குப் பாறைகளை அவர் உட்கார்ந்தபடியே சறுக்கிக் கடந்தார். காவி வேட்டியின் பின்புறம் பாறையோடு தங்கிவிட்டது. என் கோட்டை இடுப்பில் கட்டிவிட்டேன். ஒவ்வொரு பாறைக்கும் ஒரு தடவை நின்று, “முனிவர நேர்ல பாத்ததாச் சொல்ல வேண்டாம், குரல் கேட்டுதுன்னாவது சொல்லும்” என்று பேரம் பேசினார். அடுத்த பாறையில், “ஒரு வெளிச்சம்?” என்றார். அதற்கடுத்ததில், “நல்ல வாசனை?” கருவாட்டு வாசனை என்று சொல்லட்டுமா என்று கேட்டேன். அடுத்த பாறையை அவர் நிற்காமலே சறுக்கிக் கடந்தார்.

பூங்குளத்துக்குக் கீழே ஈத்தைக் காட்டில் நுழையும்போது, முன்னால் எங்கோ படபடவென்று ஈத்தை முறியும் சத்தம். ஆனைகள். பாதையின் மேலேயே நின்று மேய்ந்துகொண்டிருந்தன. உருவம் தெரியவில்லை, மூட்டத்துக்குள் கறுப்பாக ஏதோ அசைவதும், வயிறு உறுமுவதும்தான். ஒரு பாறைக்குப் பின்னால் அவரை இழுத்துக்கொண்டுபோய் உட்காரவைத்தேன். காற்று எங்கள் பக்கம் வீசியது. அது ஒன்றுதான் நல்ல காலம்.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அவருக்குக் காய்ச்சலில் உடம்பு உதறியது. பேசினால் ஆனை கேட்கும் என்று நான் சைகை காட்டினேன். அவர் என் காதோடு பேசினார்.

“அவ ஒரு வார்த்த போகாதீங்கன்னு சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன் வே.”

“யாரு?”

“வீட்டுல. உலகம்மா.” கொஞ்சம் நிறுத்தினார். “எங்கிட்டப் பேசி மூணு வருசமாச்சு.”

விற்றுச் சாப்பிட்டாலும் தீராத நிலம் உள்ளவர் அவர். ஒரே மகள், கோமதி. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மூன்று நாள் வலி. பாளையங்கோட்டையிலிருந்து வெள்ளைக்கார டாக்டரம்மாவைக் கூப்பிடச் சொல்லி உலகம்மாள் காலில் விழுந்திருக்கிறாள். கண்டதையும் தின்கிறவள் நம் வீட்டு உள்ளறைக்குள் வரக்கூடாது என்று பிள்ளை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மச்சினர் கூட்டிவந்த நாட்டு வைத்தியர் லேகியம் கொடுத்தார். நான்காம் நாள் காலையில் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

“அன்னையிலிருந்து சோறு போடுதா, தண்ணி வெக்கா, வேட்டி துவைக்கா. என்னப் பாத்து ஒரு சொல்லு கெடையாது. செவத்தப் பாத்துச் சொல்லுதா. ‘சாப்பாடு ஆச்சு’ன்னு தூணுகிட்டச் சொல்லுவா. காவி கட்டிக்கிட்டு அவ முன்னால போயி நின்னேன். திட்டுவா, அழுவான்னு பாத்தேன். தூணப் பாத்து, ‘கம்பளி எடுத்து வச்சாச்சு’ன்னா.”

என் சட்டைப்பையில் ஒரு துண்டுக் கருப்பட்டி இருந்தது. கொடுத்தேன். அவர் அதை வாயில் போட்டுக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார். ஆனைகள் தங்கள் பாட்டுக்கு முறித்துத் தின்றுகொண்டிருந்தன.

அவை விலகியபோது வெளிச்சம் குறையத் தொடங்கியிருந்தது. அதற்கு மேல் அவரால் ஊன்ற முடியவில்லை. முதுகில் சுமந்தேன். வெள்ளைக்கார ஐயரின் பூட்ஸ் ஒன்று சேற்றில் பிடித்துக்கொண்டது; திரும்பிப் பார்க்காமல் விட்டுவிட்டு நடந்தேன். இருட்டப் போகும் நேரத்தில் எதிரே தீப்பந்தம் தெரிந்தது. மல்லன் காணி என்னைத் தேடிக்கொண்டு வந்திருந்தார். முதுகில் இருந்தவரைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவே இல்லை.

“இவர் மேல இருக்காருன்னு முன்னயே தெரியுமா?” என்று மூச்சிரைக்கக் கேட்டேன்.

“தெரியும். பூங்குளம் வரைக்கும் நாந்தான் கொண்டுவிட்டேன். பின்னால வராதே, தேடவும் வராதேன்னாரு.”

“எங்கிட்டச் சொல்லலையே!”

“நீங்க கேக்கலையே” என்று அவரை என் முதுகிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மல்லன் காணியும் அவர் தம்பியும், ஒரு மூங்கிலில் கம்பளியைத் தூளி போலக் கட்டி, பிள்ளையவர்களை அதில் தூக்கிக்கொண்டு மலை இறங்கினார்கள். நான் ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் ஈத்தை நாருமாகப் பின்னால் நொண்டினேன். பச்சிலைக் கஷாயத்தில் காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது. தணிந்ததும், “ஒரு சின்ன அசரீரி?” என்று தூளிக்குள்ளிருந்து ஆரம்பித்தார்.

தேன் விற்க முன்னாலேயே இறங்கிய காணிக்காரர் ஒருவர் வழி நெடுகச் சேதி சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாபநாசத்துப் படித்துறையில் ஒரு கூட்டம் நின்றது. நாகசுரம், தவில், மாலை, பூரணகும்பம். முன்னால் நின்ற பட்டுக்கரை வேட்டிக்காரர் பிள்ளையின் மச்சினர் என்று தெரிந்தது. தூளி தரையைத் தொட்டதும் மேளம் நின்றது.

“அத்தான்! தரிசனம் கெடச்சுதா?” என்று அவர் கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி கேட்டார்.

பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன். பிள்ளை வாயைத் திறந்தார், அப்படியே நிறுத்திவிட்டார். கூட்டத்துக்கு அப்பால், ஒரு வில்வண்டியின் அருகில், வெயிலில் ஓர் அம்மாள் தனியாக நின்றிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் தாலி தவிர வேறு நகையில்லை. தூணும் இல்லை, சுவரும் இல்லை. அவள் நேரே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல” என்றார் பிள்ளை.

“என்ன அத்தான்?”

“ஒரு முனிவரும் வரல. வழுக்கி விழுந்தேன். பசிச்சுது. பயமா இருந்துது. இந்த வாத்தியாரு கருவாட்டுச் சோறு வச்சிருந்தாரு. கருவாட்டோட சேத்துத்தான் தின்னேன். அவருதான் என்னத் தூக்கிட்டு வந்தாரு.”

தவில்காரர் கையிலிருந்த கோல் கீழே விழுந்து படியில் உருண்டது. மாலை வைத்திருந்தவர் அதை யாருக்குப் போடுவதென்று தெரியாமல் தன் தோளிலேயே போட்டுக்கொண்டார். கூட்டம் பைய விலகியது. விலகிய வழியில் அந்த அம்மாள் வந்தாள். குனிந்து கட்டைப் பிரித்து, கணுக்காலைப் பார்த்தாள். நீலமும் பச்சையுமாக வீங்கியிருந்தது.

மச்சினர், “எலும்பு கட்டுத வைத்தியரு ஒருத்தரு இருக்காரு, அக்கா. ஆளனுப்பவா?” என்றார்.

“வைத்தியரப் பாத்ததெல்லாம் போதும்லே” என்றாள் அவள். குரல் உயரவில்லை. “வண்டிய அம்பாசமுத்திரம் ஆசுபத்திரிக்கு விடச் சொல்லு. டாக்டர் எந்த ஜாதியா இருந்தாலும் சரி.”

மச்சினர் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை அவள் பக்கமாகக் கையை நீட்டினார். அவள் அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். ஒரு பக்கம் நான் பிடித்தேன்.

நானும் ரயிலுக்குத்தான் போகிறேன் என்று தெரிந்ததும் என்னையும் வண்டியில் ஏறச் சொன்னாள். சிங்கப்பூர் கப்பல் போல அகன்ற வண்டி. பிள்ளை வைக்கோலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். அவள் தலைமாட்டில். நான் வால் பக்கம். விக்கிரமசிங்கபுரம் தாண்டும்போது அவள் ஆரம்பித்தாள்.

“காவிய வேற கட்டிக்கிட்டுப் போனிய! எதுக்குப் போனிய? எம்மவ போனா, பேரப்பிள்ள போச்சு, நீங்களும் போயிட்டா நான் மட்டும் அந்த வீட்டுல ஒத்தையில குந்திக்கிட்டு இருக்கணும், அப்படித்தான?”

பிள்ளை திடுக்கிட்டு அவளை அண்ணாந்து பார்த்தார்.

“கேக்கேன்ல, அப்படித்தான?”

“ஆமா” என்றார் பிள்ளை.

“வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்தியளே, நெனச்சுப் பாத்தியளா? அவ கத்துனது ஒங்க காதுல விழலையா?”

“விழுந்துது.”

“விழுந்தும் உக்காந்திருந்திய!”

“ஆமா.”

நான் வயல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வண்டிக்காரர் மாட்டை விரட்டுவதையே மறந்துபோனார். அவள் அழவில்லை. மூன்று வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து அவர் முகத்துக்கு நேரே வைத்தாள். மகளைப் பற்றியது, லேகியத்தைப் பற்றியது, மச்சினரைப் பற்றியது, எந்தக் காலத்திலோ ஒரு திருவிழாவில் அவளை மட்டும் விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனதைப் பற்றியது. நடுநடுவே அவர் தலைக்கு அடியில் சரிந்த வைக்கோலைச் சரிசெய்துவிட்டுத் தொடர்ந்தாள்.

அம்பாசமுத்திரம் ஸ்டேஷனில் நான் இறங்கினேன். என் கோட்டு அவர் இடுப்பிலேயே இருந்தது; கேட்கவில்லை. ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு நின்ற என்னைச் சுற்றி நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். வண்டி ஆஸ்பத்திரித் தெருவில் திரும்பும்வரை அவள் குரல் கேட்டது. அவள் மூச்சுவிட நிறுத்திய ஒவ்வோர் இடத்திலும், பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது போலத் தெளிவாக, “ஆமா, உலகம்மா” என்று சொல்லிக்கொண்டே போனார்.